இழுக்கும் பிரேக்கா, பொத்தான் பிரேக்கா: வன்னிக்கு எது ஏற்றது?

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. அன்று முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கார் பார்க்கப் போகிறவர்கள் ஒரு புதுக் கேள்வியோடு திரும்புகிறார்கள். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் பிடித்து இழுக்க ஹாண்ட் பிரேக் லீவர் ஒன்று இருந்த இடத்தில் இப்போது விரலால் தூக்கிவிடும் சிறு பொத்தான் இருக்கிறது. இதை நம்பி எங்கள் ஊருக்குக் கொண்டுவரலாமா என்பதே கேள்வி. புதுக் கார்களின் விலையைக் கேட்டுவிட்டுப் பாவித்த வாகனங்களின் பக்கம் திரும்பியவர்களுக்கும் இதே குழப்பம்தான். முதல் தலைமுறை டொயோட்டா ஆக்வாவில் லீவர், அதே காலத்து ஹொண்டா வெசலில் பொத்தான். இரண்டும் ஒரே வீதியில் விற்பனைக்கு நிற்கின்றன.

ஹாண்ட் பிரேக்கைப் பார்த்துக் காரைத் தெரிவு செய்யச் சொல்லமாட்டேன். எஞ்சினும் ஹைபிரிட் பற்றரியும் முன்னுக்கு வர வேண்டியவை. ஆனால் இரண்டு கார்களுக்கிடையில் மனம் ஊசலாடும்போது, இந்தச் சின்ன விடயம் பிற்பாடு எவ்வளவு அலைச்சலைத் தரும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. கொழும்பில் வசிப்பவருக்கு இது பெரிய வேறுபாடே இல்லை. துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ வசிப்பவருக்கு வேறுபாடு இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலாவது, நிறுத்திய இடத்தில் கார் நிற்குமா என்பது. இதற்கு, கார் பிரேக்குக்கான ஐக்கிய நாடுகளின் 13-எச் விதியில் ஓர் அளவுகோல் உண்டு. முழுச் சுமையோடு உள்ள கார், 20 சதவீதச் சரிவில், அதாவது ஐந்து மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் ஏற்றத்தில், ஹாண்ட் பிரேக்கின் பலத்தில் மட்டும் நிற்க வேண்டும். கையால் இழுப்பதென்றால் அதற்கு 400 நியூட்டனுக்கு, அதாவது ஏறக்குறைய 40 கிலோ தூக்கும் பலத்துக்கு, மேல் விசை தேவைப்படக்கூடாது. இந்த விதிப்படி தயாரிக்கப்பட்ட கார் எதுவாக இருந்தாலும், புதிதாக இருக்கும்போது லீவரும் பொத்தானும் இதில் தேறிவிடும். எனவே கேள்வி பத்து வருடம் பழகிய காரைப் பற்றியது.

இரண்டாவது, பழுது வந்தால் யார் பார்ப்பார், அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பது. என் கணக்கில் வன்னிக்கு இதுவே தலையாய அளவுகோல். மூன்றாவது, கார் தினமும் ஓடுமா, வளவுக்குள் மாதக்கணக்கில் நிற்குமா என்பது. நான்காவது, கோடையில் சோளகத்தோடு வரும் கிரவல் தூசி, மாரியில் சேறு, முல்லைத்தீவுக் கரையிலும் ஆனையிறவிலும் உப்புக் காற்று. கடைசியாக, ஓட்டுவது யார் என்பது: பழகிய ஒருவரா, வீட்டில் எல்லோருமா, சின்னப் பிள்ளைகள் காருக்குள் ஏறி விளையாடும் வீடா?

## லீவர் பிரேக்

உள்ளே நடப்பது எளிது. லீவரை இழுத்தால் பல்சக்கரத்தில் ஒரு கொக்கி ‘கட கட’ என்று ஏறி நிற்கிறது. காருக்கு அடியில் ஓடும் இரும்புக் கேபிள் பின் சில்லுகள் இரண்டிலும் லைனர் எனும் தேயும் பட்டையை, சில்லோடு சுழலும் டிரம் எனும் இரும்புக் குடத்தோடு அழுத்துகிறது. பின்பக்கமும் டிஸ்க் உள்ள காரென்றால் பாட் எனும் இரண்டு பட்டைகள் சில்லோடு சுழலும் டிஸ்க் தட்டைக் கவ்வுகின்றன. மின்சாரம் இல்லை, கணினி இல்லை. பற்றரி முழுதாகச் செத்துக் கிடந்தாலும் இழுக்கலாம், விடலாம்.

இதைப் பழுது பார்க்க வன்னியில் எந்தச் சந்தியிலும் ஆள் உண்டு. கேபிள் தளர்ந்தால் இறுக்குவார்கள், அறுந்தால் மாற்றுவார்கள். ஜப்பான் கார் கேபிள் வவுனியாவில் இல்லையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு குறுக்குவழி இருக்கிறது. லீவர் அதிகமாக மேலே ஏறுகிறது என்று கொண்டுபோனால், சில கராஜ்களில் லீவரின் அடியிலுள்ள நட்டை மட்டும் இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். ஐந்து நிமிட வேலை. அன்றைக்கு லீவர் இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் லீவர் ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம் டிரம்முக்குள் லைனர் தேய்ந்து இடைவெளி கூடியிருப்பதுதான். முதலில் சில்லைக் கழற்றி, டிரம்மைத் திறந்து, தூசியைத் துடைத்து, உள்ளேயிருக்கும் சரிசெய்யும் சக்கரத்தைத் திருப்பி லைனரை டிரம்முக்கு அருகே கொண்டுவர வேண்டும். கேபிளில் கைவைப்பது அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் கேபிள் எப்போதும் விறைத்தபடி நின்று லைனரைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பை வேலை செய்ய விடாது. சில மாதத்தில் அதே குறையோடு அதே கராஜுக்குப் போவீர்கள்.

வன்னி தட்டையான நிலம் என்பது லீவர் பிரேக்குக்கு நன்மை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதுவே எதிரி. ஏற்றம் இல்லாததால் ஓட்டோமற்றிக் கார் வைத்திருப்பவர்கள் ‘பார்க்’ நிலையில் போட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள், லீவரைத் தொடுவதே இல்லை. தொடாத கேபிள் உறைக்குள் துருப்பிடிக்கிறது. குளக்கட்டில் ஏறி இறங்கிய சேற்று நீரும் கிரவல் தூசியும் உறையின் கிழிந்த ரப்பர் வழியே உள்ளே போய்க் காய்ந்து இறுகுகின்றன. பிறகு ஒரு நாள் குடும்பத்தோடு நுவரெலியா போகிறார்கள். 1,868 மீற்றர் உயர ஊர். ரம்பொடைப் பக்கம் தேநீர்க் கடையோரச் சரிவில் லீவரை இழுத்தால் ஒரு சில்லு மட்டும் பிடிக்கிறது, அல்லது இரண்டுமே பிடிக்கவில்லை. இன்னும் மோசமானது, பிடித்தது விடாமல் நிற்பது. புகையும் கருகிய வாடையும் வரும் வரை தெரிவதில்லை.

‘பார்க்’ நிலையை மட்டும் நம்புவதிலும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. அந்த நிலையில் காரைத் தாங்குவது கியர்பெட்டிக்குள் இருக்கும் விரல் போன்ற ஓர் இரும்புத் துண்டு. சரிவில் காரின் முழுப் பாரமும் அதன்மேல் உட்கார்ந்தால், எடுக்கும்போது ‘டொக்’ என்று ஓர் அடி விழும். முதலில் கால் பிரேக், பிறகு ஹாண்ட் பிரேக், கடைசியில் ‘பார்க்’ என்ற ஒழுங்கில் போட்டால் பாரம் சில்லுகளில் நிற்கும்.

லீவருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அது பின்சில்லால் ஓடும் வாகனங்களுக்கு மட்டுமே பொருந்தும். டொல்பின், ஹையேஸ் போன்ற வான்கள் மாரியில் வயலோரச் சேற்றில் ஒரு சில்லு மட்டும் சுழன்றுகொண்டு புதையும்போது, ஹாண்ட் பிரேக்கை அரைகுறையாக இழுத்தபடி மெதுவாக முடுக்கினால், சுழலும் சில்லுக்குத் தடை வந்து மற்றச் சில்லுக்கும் கொஞ்சம் பலம் போகும். பழைய வான் சாரதிகள் இதைச் சொல்லிக்கொடுக்காமலே செய்வார்கள். முன்சில்லால் ஓடும் ஆக்வாவிலும் வெசலிலும் இது பலிக்காது. அங்கே மண்வெட்டியும் பலகையும்தான்.

பிள்ளைகள் விடயத்தில் லீவர் தோற்கிறது. லீவரின் நுனிப் பொத்தானை அழுத்தி இறக்க ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்குப் பலம் போதும். கியர் ‘நியூற்றலில்’ கிடந்தால் கார் உருளும். வீட்டுக்கு முன்னாலேயே குளமோ கிணறோ உள்ள வளவென்றால் இது சின்ன விடயமில்லை.

## பொத்தான் பிரேக்

2001-இல் பி.எம்.டபிள்யூ 7 வரிசைக் காரில் முதன்முதலாக வந்தது. எங்கள் வீதிகளில் பெருவாரியாகப் பழகியது வெசல் வந்த பிறகுதான். சி-எச்ஆர், யாரிஸ் குரொஸ், இப்போது வரும் பி.வை.டி மின்சாரக் கார்கள் எல்லாமே இந்த வகை. ரைஸ் காரில் ஆரம்பத்தில் லீவர் இருந்தது, பின்னால் வந்த ஹைபிரிட்டில் பொத்தான். எனவே காரின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு எந்தப் பிரேக் என்று முடிவுகட்ட வேண்டாம், உள்ளே எட்டிப் பாருங்கள்.

இதிலும் இரண்டு பிரிவு உண்டு. ஒன்றில் மோட்டர் ஒன்று பழைய கேபிளையே இழுக்கிறது. பரவலாக உள்ள மற்றதில், பின்சில்லு ஒவ்வொன்றிலும் பாட்டைப் பிடித்திருக்கும் கலிப்பருக்குப் பின்னால் கைமுட்டி அளவு மோட்டர் ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. பொத்தானைத் தூக்கியதும் அது ஒரு திருகாணியைச் சுழற்றுகிறது. அந்தத் திருகாணி பிஸ்டனை முன்னே தள்ள, பாட் டிஸ்க்கை அழுத்துகிறது. வெளியே நின்று கேட்டால் ‘ர்ர்ங்’ என்று ஒரு முனகல். அவ்வளவுதான்.

நல்லதை முதலில் சொல்கிறேன். ஏ-9 வீதியில் போகிறவர்கள் முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் போவதில்லை. எஞ்சினை நிறுத்தாமல், பாதி இழுத்த லீவரோடு, கதவைத் திறந்துவிட்டு ஓடுகிற சாரதிகளை அங்கே எந்த நேரமும் பார்க்கலாம். பொத்தான் பிரேக்கோடு சேர்ந்து, நின்ற காரைக் கால் எடுத்த பிறகும் பிடித்து வைத்திருக்கும் ‘ஹோல்ட்’ வசதியும் உள்ள பெரும்பாலான கார்களில், ‘ஹோல்ட்’ பிடித்திருக்கும்போது சாரதி பெல்ட்டைக் கழற்றினாலோ கதவைத் திறந்தாலோ ஹாண்ட் பிரேக் தானாகப் பிடித்துவிடும். மறதிக்கு இதைவிட நல்ல காவல் இல்லை. சில கார்களில் எஞ்சினை நிறுத்தினாலே தானாகப் பிடித்துக்கொள்கிறது. லீவரைத் தொடாமலே துருப்பிடிக்க விடும் எங்கள் பழக்கத்துக்கு இது மருந்து.

மலையிலும் இதுவே மேல். இறக்கத்தில் வந்து சூடேறிய டிஸ்க் ஆறும்போது சுருங்குகிறது. பிடித்த பிடியும் சற்றுத் தளர்கிறது. லீவர் காரில் அதை உணர்ந்து இன்னொரு பல் இழுக்க மனிதர் வேண்டும். பல மின்னணு அமைப்புகள் சில நிமிடம் கழித்துத் தாமாகவே மறுபடி இறுக்கிக்கொள்கின்றன. கோணேசர் கோயில் ஏற்றத்தில் வரிசையில் நின்று நின்று போகும்போதும், ரயில் கடவையில் யாழ்தேவிக்காகக் காத்திருக்கும்போதும் ‘ஹோல்ட்’ தரும் ஆறுதலை ஒருமுறை அனுபவித்தவர் பழையதற்குத் திரும்பத் தயங்குவார். ஆனால் பல கார்களில் இந்த வசதியை ஒவ்வொரு முறை காரை எடுக்கும்போதும் புதிதாக அழுத்த வேண்டும். அது பிடித்திருக்கிறது என்று நினைத்துக் கால் எடுப்பவர்கள் உண்டு.

ஓடும்போது கால் பிரேக் கைவிட்டால்? லீவரைச் சடாரென்று இழுத்தால் பின்சில்லுகள் பூட்டிக் கார் சறுக்கும். பொத்தானைச் சும்மா தட்டினால் ஒன்றும் நடக்காது. தூக்கிப் பிடித்தபடியே இருக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் பெரும்பாலான கார்களில் கணினி நான்கு சில்லுகளையும் சறுக்காமல் பிடித்து நிறுத்தும். விட்டால் விட்டுவிடும். இது தெரியாமல் பக்கத்து இருக்கையில் இருப்பவர் தட்டித் தட்டிப் பார்ப்பதில் பயனில்லை. வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

பிள்ளைகளின் கைக்கும் இது எளிதில் மசியாது. இக்னிஷன் போட்டு, கால் பிரேக்கை மிதித்தால்தான் பொத்தான் பிரேக்கை விடுவிக்கும்.

இனி மறுபக்கம். வன்னியில் இந்தப் பிரேக்கின் முதல் பகை பற்றரி. 12 வோல்ட் பற்றரி இறங்கிப்போனால், பிடித்த பிரேக் பிடித்தபடியே. சில பழைய கேபிள்வகை மொடல்களில் அவசரத்துக்குக் கையால் விடுவிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். கலிப்பரில் மோட்டர் உள்ள பெரும்பாலானவற்றில் அப்படி ஒன்றும் இல்லை. இன்னொரு வாகனத்திலிருந்து மின்சாரம் கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். வெளிநாட்டிலிருந்து மடு ஆவணித் திருவிழாவுக்கும் நல்லூருக்கும் வந்து, கார் ஒன்றை வாங்கி ஓடிவிட்டு, அடுத்த கோடை வரை ஊர் வளவில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போகும் வீடுகள் எங்கள் பக்கத்தில் குறைவில்லை. ஹைபிரிட் கார் ஓடாமல் நின்றால் சில வாரங்களிலேயே சின்னப் பற்றரி இறங்கத் தொடங்கும். மாமரத்தடியில் பூட்டிய சில்லோடு நிற்கும் காரை இழுத்து ஏற்றவும் முடியாது. பின்சில்லுகள் உருளாமல் மண்ணைக் கிழித்துக்கொண்டு வரும். முழுதாகத் தூக்கி ஏற்றும் லொறி வர வேண்டும். அது நெடுங்கேணிக்கு வவுனியாவிலிருந்து வரும், புதுக்குடியிருப்புக்கு இன்னும் தூரத்திலிருந்து வரும்.

அதற்காக லீவர் காரில் இந்தத் தொல்லையே இல்லை என்று எண்ண வேண்டாம். கியரும் மின்சாரத்தால் இயங்கும் காரில் பற்றரி செத்தால், ஹாண்ட் பிரேக் எந்த வகையாக இருந்தாலும் கார் ‘பார்க்’கிலிருந்து வெளியே வராது. ப்ரியஸ் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். பொத்தானைப் பழிக்குமுன் பற்றரியைப் பாருங்கள். எஞ்சின் நிறுத்திச் சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 காட்டினால் பாதிதான். மீற்றர் ஒன்று எந்த மின்சாமான் கடையிலும் கிடைக்கும்.

அடுத்த பகை, காரின் கணினியோடு இணைத்துப் பேசும் ஸ்கானர் கருவி இல்லாத கராஜ். பின் பாட் மாற்றும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பாட் தடிப்பானது, அது நுழைய வேண்டுமென்றால் பிஸ்டன் பின்வாங்க வேண்டும். ஆனால் பிஸ்டனுக்குப் பின்னால் அந்தத் திருகாணி முட்டுக்கொடுத்து நிற்கிறது. அதை முதலில் மோட்டரே பின்னுக்கு இழுக்க வேண்டும். அதற்காகக் காரைப் பழுதுபார்க்கும் நிலைக்கு மாற்ற வேண்டும். சில கார்களில் கால் பிரேக்கையும் பொத்தானையும் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் அழுத்தி இதைச் செய்யலாம், பலவற்றுக்கு ஸ்கானர் தேவை. “அண்ணை, இது எல்லாக் காரும் போலத்தானே” என்று சொல்லிவிட்டுக் கவ்வியைப் போட்டுத் திருகும் தம்பிகள் இருக்கிறார்கள். முதல் இரண்டு சுற்று இறுக்கமாகப் போகும். மூன்றாவதில் உள்ளே ஏதோ ‘டிக்’ என்று உடையும். பாட்டின் விலைக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை, கலிப்பர் மோட்டரில் போய் நிற்கும். அதன் விலை லீவர் கேபிளின் விலையைவிடப் பல மடங்கு. பாவித்த மோட்டர் வாங்கினால் அதன் ஆயுள் எவ்வளவு என்று விற்பவருக்கே தெரியாது.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஸ்கானர் வைத்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வரவே ஏறக்குறைய 50 கிலோமீற்றர், அதற்குப் பிறகு ஏ-9 வீதியில் வடக்கோ தெற்கோ போக வேண்டும். பாட் மாற்ற ஒரு நாள் கூலி போகும் என்று கணக்கில் வையுங்கள்.

மூன்றாவது செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: மொழி. ஜப்பானிலிருந்து பாவித்து வந்த காரில் எச்சரிக்கைகள் ஜப்பானிய எழுத்தில்தான் வரும். லீவர் காரில் ஹாண்ட் பிரேக் பழுதானால் கை சொல்லும். பொத்தான் காரில் திரையில் மஞ்சள் எழுத்து ஒரு வரி ஓடும், அது பிரேக்கைப் பற்றியதா சேர்விஸ் திகதியைப் பற்றியதா என்று தெரியாமல் மாதக்கணக்கில் ஓடுகிறவர்கள் உண்டு. கைத்தொலைபேசிக் கமராவால் மொழிபெயர்க்கும் வசதி இப்போது இருக்கிறது. விளக்கு எரிந்தால் உடனே படம் பிடித்துப் படியுங்கள்.

எலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெல் அடுக்கியிருக்கும் கொட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தும் கார்களின் வயரை எலி கடிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமான கதை. கேபிளை எலி கடிக்காது.

இன்னொரு சிறு எரிச்சல். பொத்தான் பிரேக் முடுக்கியை மிதித்தால் தானாக விடும் என்று விற்பவர் சொல்வார். உண்மைதான், சாரதி பெல்ட் போட்டுக் கதவும் சாத்தியிருந்தால். வளவுக்குள் காரை நிழலுக்குத் தள்ளி நிறுத்தப் பெல்ட் போடாமல் ஏறுபவருக்குக் கார் அசையாது. பழுது என்று நினைத்துக் கராஜுக்குத் தொலைபேசி எடுக்குமுன், கால் பிரேக்கை மிதித்துப் பொத்தானைக் கீழே அழுத்திப் பாருங்கள்.

## காலால் மிதிக்கும் வகை

இரண்டுக்கும் நடுவில் இது ஒன்று இருக்கிறது, பலர் மறந்துவிடுகிறார்கள். ப்ரியஸிலும் ஜப்பான் வகன் ஆரிலும் இடது காலடியில் சின்னப் பெடல் ஒன்று. உள்ளே லீவரின் அதே கேபிள்தான், எனவே லீவரைப் பற்றிச் சொன்ன நன்மையும் தீமையும் பொருந்தும். ஒரே வேறுபாடு, அது பிடித்திருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குப் படாது. மிதித்தபடியே மாங்குளம் வரை ஓடி லைனரைக் கருக்குபவர்கள் இந்த வகைக் காரில்தான் அதிகம்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | லீவர் | பொத்தான் |
|---|---|---|
| சரிவில் பிடி | கேபிளும் லைனரும் சரியாக இருந்தால் உறுதி | உறுதி, பலவற்றில் தானாக மறுபடி இறுக்கும் |
| மறதி | காப்பு இல்லை | பல கார்களில் தானாகப் பிடிக்கும் |
| பற்றரி செத்தால் | இயங்கும் | விடாது |
| சந்திக் கராஜ் | போதும் | பாட் மாற்றவே ஸ்கானர் தேவைப்படலாம் |
| பழுதின் விலை | குறைவு, அடிக்கடி | அதிகம், எப்போதாவது |
| சேறு, தூசி | கேபிள் இறுகும் | கேபிள் இல்லாத வகையில் தொல்லை குறைவு |
| உப்புக் காற்று | கேபிள் துருப்பிடிக்கும் | மோட்டர் இணைப்பிகள் பச்சை பூக்கும் |
| பிள்ளைகள் உள்ள வீடு | கவனம் வேண்டும் | பாதுகாப்பு அதிகம் |
| மாதக்கணக்கில் நிறுத்துதல் | பிரேக்கை விட்டுவிட்டுச் சில்லுக்குக் கட்டை வைக்கலாம் | பற்றரிக்கு வழி செய்ய வேண்டும் |

## யாருக்கு எது?

தினமும் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ வேலைக்குப் போய்வருபவர், வருடத்தில் ஒருமுறை இருமுறை மலைநாட்டுக்கும் கொழும்புக்கும் போகிறவர், வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டோர் ஓட்டுகிறார்கள் என்றால் பொத்தானுக்குப் பயப்பட வேண்டாம். பற்றரி இறங்காது, மறதிக்குக் காவல் இருக்கிறது, ஸ்கானர் உள்ள கராஜும் போகும் வழியில்தான். நான் இந்த நிலையில் இருந்தால் பொத்தானையே எடுப்பேன்.

உள்வீதிக் கிராமத்தில் இருந்துகொண்டு, வயலுக்கும் சந்தைக்கும் இடையில் ஓடும் ஒருவருக்கு லீவர். கராஜ் தம்பி ஸ்பானரோடு வளவுக்கே வந்துவிடுவார். தேங்காயும் உரமும் ஏற்றுவதற்குப் பட்டாவோ வானோ தேடுகிறவருக்கு இந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது, அவற்றில் அநேகமாகக் கேபிள்தான்.

கனடாவிலோ சுவிஸிலோ இருந்துகொண்டு ஊரில் ஒரு கார் வைத்திருக்க நினைப்பவருக்கும் லீவர்தான், அதுவும் கியர் மின்சாரமில்லாத பழைய வகை. பொத்தான் கார் வாங்கித்தான் தீருவேன் என்றால், வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓடிவர நம்பிக்கையான ஒருவரை அமர்த்துங்கள். வளவுக்குள் எஞ்சினைச் சற்று நேரம் இயங்கவிட்டு அணைப்பது போதாது.

முல்லைத்தீவுக் கரையோரம் வசிப்பவருக்கு நான் எதையும் உறுதியாகச் சொல்லமாட்டேன். உப்பு இரண்டையும் தின்கிறது. அங்கே வசிப்பவர் எதை வாங்கினாலும் வாரம் ஒருமுறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கழுவிய கையோடு ஹாண்ட் பிரேக்கை இழுத்து இரவு முழுக்க விடக்கூடாது. ஈர லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச தூரம் ஓடி, பிரேக்கை இரண்டு முறை மிதித்துக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள்.

## வாங்குமுன் பார்க்க வேண்டியவை

லீவர் காரென்றால், இழுக்கும்போது எண்ணுங்கள். பொதுவாக ஐந்திலிருந்து எட்டுப் பல்லுக்குள் இறுக வேண்டும். பத்தைத் தாண்டினால் லைனரா கேபிளா என்று டிரம்மைத் திறந்து பார்க்காமல் விலை பேசாதீர்கள். பிறகு காரைக் குளக்கட்டின் ஏறுவழிக்குக் கொண்டுபோங்கள். வன்னியில் சரிவு தேடுபவருக்கு அதைவிட்டால் இடமில்லை. பின்னால் ஆளோ ஆடுமாடோ இல்லையென்று பார்த்து, லீவரை இழுத்து, ‘நியூற்றலில்’ போட்டு, கால் பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். கால் பெடலுக்கு மேலேயே இருக்கட்டும். முன்முகமாக ஒருமுறை, திருப்பி ஒருமுறை. விட்டவுடன் கார் தடையில்லாமல் உருள்கிறதா என்றும் பாருங்கள்.

பொத்தான் காருக்கும் அதே குளக்கட்டுச் சோதனைதான். கூடவே ஒருவரைப் பின்சில்லருகே நிற்கவைத்துப் பொத்தானைத் தூக்குங்கள். இரண்டு பக்க முனகலும் ஒரே நேரத்தில், ஒரே நீளத்தில் வர வேண்டும். ஒரு பக்கம் தடுமாறினாலோ ‘கிரிச்’ என்றாலோ அந்த மோட்டர் களைத்துவிட்டது. இக்னிஷன் போட்டவுடன் பிரேக் எச்சரிக்கை விளக்கு ஒருமுறை எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால் யாரோ விளக்கைக் கழற்றியிருக்கலாம். ஸ்கானர் போட்டுப் பார்க்க விற்பவர் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான். கடைசியாகப் பின் பாட் மாற்றியது யார், எந்தக் கராஜில் என்று கேளுங்கள். பெயர் சொன்னால் அங்கே போய் ஸ்கானர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரலாம்.

எந்தக் காரை எடுத்தாலும் மாரி தொடங்கி நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால், சமதரையில் ‘பார்க்’கில் போட்டு, ஹாண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, முன்னும் பின்னும் பாலைக் கட்டையோ முதிரைக் கட்டையோ வையுங்கள். பொத்தான் காரில் இக்னிஷனை நிறுத்தும்போது தானாகப் பிடிப்பதைத் தவிர்க்க ஒவ்வொரு காருக்கும் ஒரு முறை உண்டு. கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடி, மொழிபெயர்த்து, டாஷ்போர்ட் பெட்டிக்குள் எழுதி வைத்துவிடுங்கள். பற்றரிக்கு மின்சாரம் கொடுக்க ஒரு சோடி வயரும் டிக்கிக்குள் இருக்கட்டும். சிவப்பைச் செத்த பற்றரியின் நேர்முனைக்கும் கறுப்பை அதே காரின் எஞ்சினுக்கருகே நிறம் பூசாத வெற்று இரும்புக்கும் கொடுங்கள், பற்றரியின் எதிர்முனைக்கு நேராக அல்ல. ஹைபிரிட் சிலவற்றில் பற்றரி பின்னால் இருப்பதால், முன்மூடிக்கு அடியில் உருகிப் பெட்டிக்குள் தனியாக ஒரு முனை வைத்திருப்பார்கள். அது எங்கே இருக்கிறது என்பதைக் கார் வாங்கும் அன்றைக்கே, வெளிச்சத்தில், விற்பவரைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.